கால் படாத இடம்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் இல்லையென்றால் எங்கள் ஹாஸ்டலில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்காது, நேரத்துக்குச் சோறு வந்திருக்காது, ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த மரங்களுக்கு என்ன கேடு வந்தது என்பதும் கடைசிவரை தெரிந்திருக்காது. கணக்கு டீச்சருக்குக் கோபம் வராமல் பாட்டு டீச்சருக்கா வரும்?

ஹாஸ்டல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதாகோயில் சபைக்குச் சொந்தமான ஒரு பழைய பங்களா, பாலக்கரைச் சந்தடியிலிருந்து கொஞ்சம் தள்ளி. வெளியூரிலிருந்து வந்து திருச்சிப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்த நாங்கள் ஐந்து பேர் அதில் இருந்தோம். பாட்டு டீச்சர் அமலராணி, சயன்ஸ் டீச்சர் ஹாஜிரா, சின்ன வகுப்பு எடுக்கும் பவுனம்மாளும் அற்புதமேரியும், அப்புறம் அக்னஸ் என்கிற நான். எல்லோருக்கும் மூத்தவள் நான்தான். சமைத்துப் போட வியாகுலம்மாள். அவள் கையில் கரண்டியும் ஜெபமாலையும் மாறி மாறி இருக்கும். சில நாள் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பங்களாவுக்கு முன்னால் ஒரு மண் தரை. அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் பத்து மரங்கள் வரிசையாக நின்றன. எந்தக் காலத்திலோ குடியிருந்த ரயில்வே துரை ஒருவர் வைத்துவிட்டுப் போனவை. இலை என்று தனியாகச் சொல்ல முடியாது. விசிறி விசிறியாகத் தட்டையாக இருக்கும், கசக்கினால் ஒரு மருந்து வாசனை அடிக்கும். ஹாஜிரா அதற்குத் துஜா என்று பெயர் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கிறிஸ்மஸ் மரம் என்றே சொல்வோம். ஆள் உயரத்துக்கு மேலே, அடிமுதல் நுனிவரை அடைத்துக்கொண்டு நிற்கும். ரோட்டில் போகிறவனுக்கு உள்ளே யானை நின்றாலும் தெரியாது.

உள்ளே யானை நிற்கவில்லை. நாங்கள் பால் பேட்மிண்டன் ஆடினோம். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கிவிடுவோம். மஞ்சள் கம்பளிப் பந்து அடிபடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கும். தலை கலைந்துபோகும், தொண்டை கட்டிப்போகும், ஒருத்தியை ஒருத்தி 'வாடி போடி' என்று கத்துவோம். பகல் முழுக்க டீச்சர், டீச்சர் என்று அடக்கமாக நடந்த கால்கள் அந்த ஒரு மணி நேரம்தான் ஓடின. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற மணி நேரங்களைப் பொறுத்துக்கொண்டோம் என்று சொன்னால் தப்பில்லை.

ஜனவரியில்தான் ஆட ஆரம்பித்தோம். சபையின் சார்பில் ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்டவர் தைரியராஜ் சார். பெயரில்தான் தைரியம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று மழைக்குக்கூடத் தயங்கித் தயங்கித்தான் குடை பிடிப்பார். ஆனாலும் நல்ல மனுஷர். நெட் கட்டிக்கொள்ள அவரே இரண்டு கம்பம் வாங்கிக் கொடுத்தார்.

கோடை லீவு முடிந்து ஜூனில் வந்து பார்த்தால் எனக்குப் பகீரென்றது. கேட்டை ஒட்டிய இரண்டு மரங்கள் பாதி மஞ்சள், பாதி பழுப்பு. வேறு சிலவற்றிலும் நுனி நுனியாக மஞ்சள் ஏறியிருந்தது. ஜூலையில் தைரியராஜ் சார் வந்தார். அந்த இரண்டு மரத்துக்கு ஊடாகச் சைக்கிளில் போகிற ஒருவன் இவரைப் பார்த்து, இவர் அவனைப் பார்த்து, மனுஷருக்கு வேர்த்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மறைப்பு இருக்கற வரைக்கும் நீங்க ஆடுங்க அக்னஸ் டீச்சர், நான் யாருக்கும் பதில் சொல்லிக்குவேன். மறைப்பு போச்சுன்னா நெட்டைக் கழட்டிடுவோம். செப்டம்பர்ல வந்து பாக்கறேன்."

கீற்றுத் தட்டி கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். ரோட்டோரம் முழுக்கக் கட்டினால் ஆடிக் காற்று ஒரே வாரத்தில் அதைப் பிய்த்து உறையூருக்குக் கொண்டுபோய்விடும் என்றார். அதுவும் உண்மைதான். மரம் பிழைத்தால் ஆட்டம், இல்லாவிட்டால் சாயங்காலமும் அடக்கமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதான். திருச்சி வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்காதீர்கள்.

மரத்துக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க நாங்கள் ஐந்து பேரும் இறங்கினோம். முதலில் ஹாஜிரா பட்டையை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறதாம். கேட்டோர மரங்களில் அடித்தண்டு மட்டும் பச்சை, கிளைகள் காய்ந்துவிட்டன. வயசான இலை உள்பக்கத்தில் காய்ந்து உதிர்வது இந்த மரத்துக்குச் சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் இது நுனியில் தொடங்கி உள்ளே போகிறதே, இது சரியில்லை என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இந்த ஜாதி மரத்தில் காய்ந்த கிளை மறுபடி துளிர்க்காது. போனது போனதுதான். அதைக் கேட்டதும் அற்புதமேரி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கரையான் என்றாள் பவுனம்மாள். வேரைச் சுற்றிக் கிளறிப் பார்த்தோம், ஒரு கரையான்கூட இல்லை. செம்பேனாக இருக்கும் என்றாள் ஹாஜிரா. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினாள். தாளில் நகர்கிற புள்ளி ஏதாவது விழுந்தால் பேன். தூசிதான் விழுந்தது.

எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம். ஆளுக்கு இரண்டு மரம் என்று பங்கு பிரித்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தவள் நான்தான். கேட்டோரத்து இரண்டும் அமலராணியுடையவை. அடுத்த இரண்டும் என்னுடையவை, கரும்பச்சையாக, ஒரு மஞ்சள் நுனிகூட இல்லாமல் நின்றன. அதற்கு அந்தப் பக்கம் ஹாஜிராவின் மரங்கள் மறுபடி மஞ்சள். மற்ற இருவருடையதும் அரைகுறை. நான் சும்மா இருப்பேனா? என் மரத்தைப் பாருங்கள், ஊற்றுகிற விதத்தில் ஊற்றினால் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று சாப்பிடும்போதெல்லாம் பாடம் எடுத்தேன். அமலராணி தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் குடிப்பாள்.

ஹாஜிராவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா மாத்திக்கலாம் அக்கா. அமலராணி மரத்துக்கு நீங்க ஊத்துங்க, உங்க மரத்துக்கு அவ ஊத்தட்டும்" என்றாள். சயன்ஸ்காரி இல்லையா, எதையும் செய்து பார்க்கணும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாற்றிக்கொண்டேன். விடியற்காலையில் எழுந்து, வாளி வாளியாக இல்லாமல் அளவாக, அன்பாக ஊற்றினேன். ஆடி பாதியிலேயே அமலராணியின் மரம் இரண்டும் என் கையாலேயே சுத்தமாகக் காய்ந்துபோயின. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏனோதானோ என்று ஊற்றிய என் மரங்கள் இன்னும் பச்சையாகத் தளதளத்தன.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீரில் குறை இல்லை, ஒரே கிணறு. மண் ஒன்று, வெயில் ஒன்று. தொத்து வியாதி என்றால் அமலராணியின் மரத்திலிருந்து பக்கத்தில் நிற்கிற என் மரத்துக்கு வராமல் அதைத் தாண்டி ஹாஜிராவின் மரத்துக்கு எப்படிப் போகும்? அம்மை போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவளை விட்டுவிட்டு அதற்கும் அடுத்தவளுக்கு வருமா? பூச்சிக்கும் என்னைக் கண்டால் பயமா? யாரோ, எதையோ, சில மரத்துக்கு மட்டும் செய்கிறார்கள். கணக்கு அங்கேதான் கொண்டுவந்து விட்டது.

பாத்தியைச் சுற்றி வட்டமாகச் செங்கல் பதித்திருந்தது. உள்ளே மேல்மண்ணைக் கையால் தள்ளினேன். செங்கல்லை ஒட்டி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். பின்னால் நின்ற ஹாஜிரா சீ என்று முகத்தைச் சுளித்தாள்.

உப்பு. சந்தேகமே இல்லாமல் சமையல் உப்பு. அவளுடைய மரத்தடி மண்ணை நக்கிப் பார்த்தேன், அங்கும் உப்பு. என் மரத்தடியில் வெறும் மண் ருசி. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சில மாதமாக எங்கள் சாம்பாரில் உப்பு இருப்பதில்லை, கேட்டால் ஜாடியிலும் உப்பு இருப்பதில்லை.

அன்று ராச்சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் நான் இலையில் கை வைக்கவில்லை. அமலராணி மரத்தில் உப்பைக் கொட்டியது யார் என்று கேட்டேன். கரண்டியோடு நின்ற வியாகுலம்மாள் திரும்பி அடுப்படிக்குள் போகப் பார்த்தாள். நில்லுங்கள் என்றேன். அமலராணி முகம் சிவந்துபோய் எழுந்து நின்றாள்.

"அவங்களைத் திட்டாதீங்க அக்கா. அது எனக்குச் சுத்திப் போட்ட உப்பு."

"உனக்குமா?" என்றாள் ஹாஜிரா.

"உங்களுக்கும் சுத்தினாங்களா? எனக்கு மட்டும்தான்னு சொன்னாங்களே" என்று பவுனம்மாள் வாயைப் பிளந்தாள். அற்புதமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

விஷயம் இவ்வளவுதான். வயசுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுகிறார்களே, வேலி மறைத்தாலும் வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் கண் இருக்கிறதே, கண்ணேறு பட்டுவிடுமே என்று வியாகுலம்மாளுக்குக் கவலை. ஆட்டம் நன்றாக ஆடியவளைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூப்பிடுவாள். கோயிலில் மந்திரித்த உப்பு ஒரு சிட்டிகை, கடைக் கல்லுப்பு ஒரு கை, மூன்று தரம் தலையைச் சுற்றி ஒரு சொம்புத் தண்ணீரில் கரைப்பாள். வெளியே சொன்னால் பலிக்காது என்று சத்தியம் வாங்கிக்கொள்வாள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்ற பயம் ஒரு பக்கம், எனக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம். ஆகவே நாலு பேரும், தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

சுற்றின உப்பைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கால் படாத இடத்தில்தான் கொட்ட வேண்டும். அந்தக் காம்பவுண்டில் கால் படாத இடம் எது? செங்கல் வட்டத்துக்குள் மரத்தடி. அதிலும் வியாகுலம்மாள் ஒழுங்கானவள். தண்ணீர் ஊற்றுகிறவள் மாறினாலும் பழைய பங்குப்படி அவரவர் கண்ணேறை அவரவர் மரத்திலேயே கொட்டினாள். அமலராணி அடித்த அடிக்குப் பதில் அடி கிடையாது. தினம் யாராவது ஆகா என்பார்கள், தினம் உப்பு. மரம் மஞ்சளாகப் போனதும், பாருங்கள் எவ்வளவு பொல்லாத கண், பெண்ணுக்கு வரவேண்டியதை மரம் வாங்கிக்கொண்டது என்று உப்பைக் கூட்டியிருக்கிறாள். நாங்கள் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் அந்த உப்பை வேருக்குக் கொண்டுபோகப் போதும், வேரைத் தாண்டி வெளியே கொண்டுபோகப் போதாது என்று ஹாஜிரா விளக்கினாள்.

எல்லாம் சரி. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரு யோசனை வந்து, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் மரங்களை நினைத்துப் பார்த்தேன். கரும்பச்சையாக, தளதளவென்று, ஒரு மஞ்சள் நுனிகூட இல்லாமல்.

"எனக்கு ஒரு தடவைகூடச் சுத்தலையா?" என்று கேட்டேன்.

வியாகுலம்மாள் நல்லவள், பொய் சொல்லத் தெரியாதவள். "உங்க கோவத்தைப் பாத்தாலே எந்தக் கண்ணும் கிட்ட வராது டீச்சர். உங்களுக்கு எதுக்கு உப்பு?" என்றாள்.

அமலராணிக்குப் புரை ஏறிவிட்டது. ஹாஜிரா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இலை மேலேயே சாய்ந்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், சுருக்கென்று இருந்தது. அமலராணி முன்னால் நின்று அடிப்பாள், எல்லோரும் பார்ப்பார்கள். நான் கடைசிக் கோட்டில் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பிப் போடுகிறவள். அங்கே யார் பார்க்கிறார்கள்? இத்தனை நாள் நான் பெருமை அடித்துக்கொண்ட பச்சைக்கு அர்த்தம் அதுதானா என்று அன்று படுக்கும்வரை மனசு கிடந்து புரண்டது.

மறுநாள் வேலை தொடங்கியது. மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போட்டோம். பாத்தியின் வரப்பை உயர்த்தி, குடம் குடமாக ஊற்றி, வேரைத் தாண்டி உப்பு இறங்கட்டும் என்று விட்டோம். மண் காய்ந்ததும் மறுபடி ஊற்றினோம். ஆட்டம் பாதி, தண்ணீர் இறைப்பு பாதி. உள்ளங்கையில் கொப்புளம் வந்து அது காய்த்தும்போயிற்று. வியாகுலம்மாள் எல்லோரையும்விட அதிகம் இறைத்தாள். என் கையாலேயே கொன்றேனே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறைத்தாள். ஆவணியில் சாயங்கால மழை இரண்டு பெரிசாகப் பிடித்தது. அமலராணியின் மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை, வெட்டிவிட்டோம். அந்த இடைவெளிக்கு மட்டும் கீற்றுத் தட்டி கட்டினோம். சின்னதாக இருந்ததால் காற்றுக்கு நின்றது. மற்ற மரங்களில் மஞ்சள் நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

செப்டம்பரில் தைரியராஜ் சார் வருகிறேன் என்று சொல்லியனுப்பிய அதே சனிக்கிழமைக்கு, ஸ்ரீரங்கத்து டீச்சர்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான். நெட்டைக் கழற்றுவதாக இருந்தால் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது கழற்றட்டும் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

அவர்கள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலைவி ரெங்கநாயகி மாமி, நல்ல உயரம், இறங்கும்போதே பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டு மட்டையைச் சுழற்றினாள். முதல் ஆட்டம் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் அமலராணிக்குக் கணுக்கால் பிசகி அவளால் எம்பி அடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தைரியராஜ் சார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மரம் மரமாக நின்று, கிளையைப் பிடித்துப் பார்த்து, ஹாஜிராவின் மரத்தில் ஒரு நுனியை விரலால் தடவினார். இளம்பச்சையாகப் புதுசு விட்டிருந்தது. அப்புறம் கீற்றுத் தட்டியைத் தட்டிப் பார்த்தார். அதற்குமேல் எனக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. இங்கே பந்து வந்துகொண்டேயிருந்தது. அமலராணி அடிக்க முடியாத பந்தெல்லாம் கடைசிக் கோட்டுக்கு வந்தது. வந்ததையெல்லாம் திருப்பினேன். இடது பக்கம் போட்டார்கள், திருப்பினேன். காலடியில் போட்டார்கள், குனிந்து திருப்பினேன். ரெங்கநாயகி மாமி அடித்து அடித்து ஓய்ந்துபோய், கடைசிப் பந்தை நெட்டிலேயே அடித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்:

"என்னடி இவ, சுவராட்டம்னா நிக்கறா! இப்படி ஒருத்திய நான் பாத்ததே இல்லை."

நாங்கள் ஜெயித்துவிட்டோம். நாலு பேரும் என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் என் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. தைரியராஜ் சார் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். நெட்டைப் பற்றி என்ன சொல்லப் போகிறாரோ என்று கொண்டையை முடிந்துகொண்டே பார்த்தேன். நெட் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த மனுஷருக்கு அன்று நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை இரண்டு மடங்கு.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போனபிறகு நான் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். வியாகுலம்மாள் பின்னால் வந்து நின்றாள். ஒரு கையில் சொம்பு, ஒரு கை மூடியிருந்தது. இனிமேல் இந்த வீட்டில் உப்புச் சுற்றுகிற வேலையே கூடாது என்று சட்டம் போட்டவள் நான். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அந்தம்மா இப்படி வாய்விட்டுச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை. இன்னைக்கு ஒருநாள் நில்லுங்க."

நான் நின்றேன். கிழக்கே பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். அவள் மூடிய கையை மூன்று தரம் என் தலையைச் சுற்றினாள். எனக்கு ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உப்பைச் சொம்பில் போட்டுக் கலக்கினாள்.

"பயப்படாதீங்க, மரத்துப் பக்கம் போகமாட்டேன். சாக்கடையில கொட்டிடறேன்" என்றாள்.

"சாக்கடையிலயா?" என்றேன். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "எல்லாருக்கும் அவங்கவங்க மரம், எனக்கு மட்டும் சாக்கடையா? என் மரத்துலயே கொட்டுங்க."

கொட்டினாள். ஐப்பசி மழைக்கு முன்னால் என் மரத்தில் ரோட்டைப் பார்த்த பக்கம், அடிக்கிளை ஒன்றில், விரல் நீளத்துக்கு மஞ்சள் பிடித்தது. உப்பினால்தானா, வயசான இலையா என்று ஹாஜிரா சந்தேகப்பட்டாள். நான் அவளைப் பேசவிடவில்லை. நாலு பேரையும் கூப்பிட்டு, வரிசையாக நிற்கவைத்து, கிளையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.